அந்தத் தூணைப் பற்றி இன்னொரு தரம்

திருகோணமலை
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். அதுபோல் உன் சுகமறிய ஆவல். இப்படித் தொடங்கினால் நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரி. கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவன் நான்தான். வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நீ ஒரு பெருவிரலைத் திருப்பி அனுப்புகிறாய். தை மாதத்திலிருந்து நாங்கள் உன் பெருவிரலோடுதான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். கடிதத்துக்குப் பெருவிரல் போட ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

உவர்மலை மாமியின் மகன் வருகிற புதன்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். தபாலில் போடவில்லை. பங்குனியில் அனுப்பிய பெட்டி வைகாசியில் திரும்பி வந்தது. மிளகாய்த்தூள், எள்ளுருண்டை, அம்மா தைத்த இரண்டு தலையணை உறை. அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று மேலே ஒட்டியிருந்தார்கள். அம்மா அதை வாசித்துவிட்டு, "பிள்ளை வேலைக்குப் போன நேரம் தபால்காரன் வந்திருப்பான்" என்றாள். "ஓம், அப்படித்தான் இருக்கும்" என்றேன் நானும். அதற்குமேல் இரண்டு பேரும் கதைக்கவில்லை. எள்ளுருண்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று முடித்தார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் போனை அணைத்து வைக்காதே. அவசரத்துக்கு ஆரும் எடுக்கக்கூடும்.

இங்கே கச்சான் காற்று பேயாக அடிக்கிறது. மத்தியானம் வாசலில் நின்றால் யாரோ அடுப்பை முகத்துக்கு நேரே பிடித்தது போல இருக்கிறது. உன் செவ்வரத்தை இலை சுருண்டுவிட்டது, வேர் உயிரோடுதான் இருக்கிறது. கடல் மட்டும் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது. உனக்குச் சொல்லத் தேவையில்லை, மேற்கில் கடல் கொந்தளிக்கும் காலம்தான் எங்களுக்கு அமைதிக் காலம். வாடை தொடங்கினால் நிலைமை மாறிவிடும். மார்கழியில் மலையில் மோதும் அலையின் தூறல் கோணேசர் கோயில் மதில்வரை வருகிறது என்று நான் சொன்னால், உன் அவர் நம்பமாட்டார். ஒரு மார்கழிக்குக் கூட்டிவந்து காட்டுவோம் என்று அப்போது நினைத்தேன்.

சரி, அதை விடு.

மலைக்கு இப்போதும் ஒவ்வொரு நாளும் போகிறேன். முழங்கால் நோகிறது என்று அம்மா சொல்வதை நம்பாதே, நோவது அவளுக்குத்தான். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் இருபது நிமிடத்தில் கோட்டை வாசல். வாசலில் நிற்கிற ஆமிப் பொடியனுக்கு என்னைத் தெரியும், "மாஸ்டர்" என்று கூப்பிடுகிறான். உள்ளே நுழையும்போது வாசற்கல்லில் அந்த இரண்டு மீனையும் ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் போவேன். உனக்கு நினைவிருக்கும். உன்னைத் தோளில் தூக்கிவைத்து அந்தக் கல்லில் மிஞ்சியிருக்கிற எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவி வாசிக்க வைத்தேன். முன்னே குளக்கோட்டன் கட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான், பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் எல்லாம் வருவான் என்று பாட்டைச் சொல்லித் தந்தபோது, "பூனைக்கண்ணன் எங்கட முன்வீட்டு மாமாதானே" என்று கேட்டாய். அந்த மாமா காது கேளாதவராக இருந்தது என் அதிர்ஷ்டம்.

கோயிலை உடைத்த கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினான் பறங்கி. 1620களில், கொன்ஸ்டன்டைன் டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதியின் காலத்தில். சித்திரை வருடப் பிறப்பன்று சுவாமி ஊருக்குள் எழுந்தருளியிருந்த நேரம் பார்த்து, ஐயர்மார் போல வேடம் போட்டுப் பட்டாளம் மலையேறியது என்றுதான் ஊரில் சொல்வார்கள். மிச்சக் கல் கடலுக்குள் போயிற்று. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி, செதுக்கிய தூண்கள் அடியில் கிடப்பதைப் பார்த்தார்கள். இதையெல்லாம் நான் உனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். நூற்றோராம் தரம் சொல்வதற்கு இப்போது வீட்டில் ஆள் இல்லை, அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விடுகிறாள்.

மான்களைப் பற்றிச் சொல்கிறேன். நீ கடைசியாக வாய்விட்டுக் கேட்டது மான்களைத்தான்.

கோட்டைக்குள் மான் குறையவில்லை. கூடித்தான் இருக்கிறது. பின்னேரத்தில் பெரிய ஆலமரத்துக்குக் கீழே கூட்டமாகப் படுத்து அசைபோடும். அதே புள்ளி, அதே பயமில்லாத பார்வை. காட்டில் மனிதவாடை பட்டாலே ஓடுகிற சாதி, இங்கே கச்சான் சுருளை நீட்டினால் கையிலிருந்து பறித்துத் தின்னுகிறது. (கனடாவில் வளருகிற பிள்ளைகளுக்குச் சொன்னால், கச்சான் என்றால் காற்றா கடலையா என்று குழம்பும். இரண்டும்தான்.) இந்த வறட்சியில் கோட்டைக்குள் புல் இல்லை. அதனால் இரவில் ஊருக்குள் வருகின்றன. பஸ் நிலையம்வரை வருகின்றன. குப்பைக்குள் தலையை விட்டு, சோறு கட்டியெறிந்த சொப்பிங் பையைப் பையோடு விழுங்குகின்றன. வயிற்றுக்குள் அது செரிக்காது, வெளியே வரவும் மாட்டாது. மான் வயிறு நிறைந்த மாதிரியே இருந்து மெலியும். பார்க்கிற ஆளுக்கு, நல்லாய்த்தானே நிற்கிறது என்று தோன்றும்.

நீ நல்லாய்ச் சாப்பிடுகிறாய்தானே?

ஆனியில் ஒரு கலைமானின் கொம்பில் நீலப் பையொன்று சுற்றிக்கொண்டது. காற்றுக்கு அது கண்ணை மறைக்கும், மான் தலையை உதறும், பை இன்னும் இறுகும். மூன்று நாள் பார்த்தேன். யாராரையோ தொலைபேசியில் கூப்பிட்டேன். வருகிறோம் என்றார்கள், வரவில்லை. நாலாம் நாள் நானே போய்க் கழற்றலாம் என்று ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனேன். எழுபத்துச் சொச்சம் வயதில் மானோடு மல்லுக்கு நின்ற கதையை அம்மாவிடம் சொல்லாதே. அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெலிங்டன் தங்கிய வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. நெப்போலியனைத் தோற்கடித்த மனிதன் இருந்த வீடு, இன்றைக்கு அதன் நிழலில் மான்கள் சாணி போடுகின்றன. வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அந்தக் கலைமானுக்குப் பிறகு என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன், எனக்கு மறந்துவிட்டால் உவர்மலை மாமியின் மகனிடம் கேள், அவனும் பார்த்தான்.

திமிங்கிலமும் வருகிறது. பங்குனியிலிருந்து ஆவணிவரை அவற்றின் காலம் என்று உனக்குத் தெரியும். போன கிழமை மலை உச்சியில் நின்றே இரண்டு ஊதலைக் கண்டேன். முதலாவதை நான் கண்டு, பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக்குக் காட்ட, அவர்கள் போனைத் தேடி எடுப்பதற்குள் அது அமிழ்ந்துவிட்டது. பெரிய தென்னை உயரத்துக்குப் புகை எழும்பியது போல, பிறகு ஒன்றுமில்லை.

1995 நினைவிருக்கிறதா? சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில மாதம். பங்குனியில் உன்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், உனக்கு எட்டு வயது. கோணேசர் வாசலில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, "அப்பா, கடல் மூச்சு விடுது" என்றாய். அந்த வார்த்தையை நான் முப்பது வருடமாக வகுப்பிலும் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சொல்லித் திரிகிறேன். சித்திரை 19இல் துறைமுகத்துக்குள் இரண்டு பீரங்கிப் படகு வெடித்தது. மலைக்குப் போவதும் அத்தோடு நின்றது. நீ இரண்டு மாதமாகத் திமிங்கிலம் செத்திருக்குமா, திமிங்கிலம் செத்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் வாசித்திருக்கிறேன். துறைமுக வாசலிலிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இறங்குகிறது. மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்துக்கு நேரே வெளியே. மற்ற ஊர்களில் நாள் முழுக்கப் படகோட்டிப் போய்த் தேடுகிற ஆழம் எங்களுக்குக் கரையிலேயே இருக்கிறது, அதனால்தான் அவ்வளவு பெரிய மிருகம் மனிதன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்து இரை தேடுகிறது. 1980களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காரர் ஒரு பாய்க்கப்பலில் வந்து இவற்றைக் கணக்கெடுத்தார்கள். பிறகு சண்டை பெருத்தது, அவர்கள் வருவதும் நின்றது. இன்னொன்று கேள். உலகத்தில் மற்ற நீலத்திமிங்கிலங்கள் கோடைக்குத் துருவக் குளிருக்குப் போய் வயிறு நிரப்பிக்கொண்டு வரும். எங்கள் கடல்காரர் போவதில்லை. இந்தச் சூட்டுக் கடலிலேயே பிறந்து, தின்று, குட்டி போட்டு, இங்கேயே கிடக்கிறார்கள். குளிருக்குப் போய்த்தான் பெரிய ஆளாக வேண்டும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உன்னைக் குத்திக்காட்டவில்லை. உன்னைக் குளிருக்கு அனுப்பியவன் நான். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். ரொறன்ரோ மாப்பிள்ளை என்று உவர்மலையிலிருந்து சீனக்குடாவரை சொல்லித் திரிந்தவனும் நான்தான். பெருமைப்பட்டேன். இப்போதும் உன்னைப் பற்றி எனக்குப் பெருமைதான். மருந்தகத்தில் அத்தனை பேருக்கு மேலாளாக இருக்கிறாய் என்று நான் சொன்னால், சொல்லும்போதே குரல் உயர்கிறது, அம்மா காலில் மிதிக்கிறாள். அவ்வளவு படித்த பிள்ளை, பெற்ற தாய்க்கு ஏழு மாதத்தில் ஒரு தரம் முகம் காட்டவில்லை என்றால் அதையும் நான்தானே கேட்க வேண்டும்? வீடியோவில் கூப்பிட்டால் கமரா பழுது என்கிறாய். அந்த ஊரில் கமரா திருத்துகிறவன் ஒருவனும் இல்லையா? கோபத்தில் எழுதவில்லை. காற்றுக்குத் தலை இடிக்கிறது.

வெளியே போகும்போது கதவைப் பூட்டினாயா என்று இரண்டு தரம் பார். போனை அணைத்து வைக்காதே.

இப்போது தூணுக்கு வருகிறேன். கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மலை உச்சியில் நிற்கிற ஒல்லாந்தத் தூண். ஊரில் ஆருக்கும் அதைப் பற்றி அக்கறையில்லை, எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு ஒரு ஆள் அளவு மரியாதை. பழைய கோயில் தூண்களில் ஒன்றுதான் அது, அதில்தான் ஒல்லாந்தர் எழுத்து வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயர், 1687, ஏப்ரல் 24. நீ 1987இல் பிறந்தவள். "அக்காவுக்கு உன்னைவிடச் சரியாக முன்னூறு வயது கூட" என்று நான் சொல்ல, நீயும் அவளை ஒல்லாந்த அக்கா என்றே கூப்பிட்டுத் திரிந்தாய். நூல்கட்டுப் பூவில் ஒரு முழம் வாங்கி அவளுக்கும் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நீ.

அந்தக் கதையை நான் எப்படிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். முப்பது வருடம், ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்ன கதை. காதலன் அவளை விட்டுவிட்டுக் கப்பலேறுகிறான். கப்பல் குடாவைச் சுற்றி மலைக்குக் கீழாக வருகிறது. அவள் இந்தப் பாறை நுனியில் வந்து நிற்கிறாள். இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்துவேன். பெண்பிள்ளைகள் அழும். பிறகு கையை உயர்த்தி, கீழே நானூறு அடி என்பேன். எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். பூமிசாத்திர ஆசிரியர், சரித்திர ஆசிரியரைவிட நன்றாகக் கதை சொல்கிறார் என்று அதிபரே சொல்லியிருக்கிறார்.

வைகாசியில், பெட்டி திரும்பி வந்த அதே கிழமை, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தனியாகத் தூணடியில் நின்றுகொண்டிருந்தாள். உன் வயது இருக்கும். கேட்காமலே போய் என் கதையைத் தொடங்கிவிட்டேன். முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஆனால் அவள் சாகவில்லையே" என்றாள். ஒல்லாந்தரின் பதிவுகளில் எட்டு வருடம் கழித்து அவள் மறுபடி கலியாணம் செய்திருக்கிறாளாம், தன்னுடைய வழிகாட்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறவனுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரவு நித்திரை இல்லை. மற்ற நாள் நூலகத்துக்குப் போனேன். அங்கே பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றிலும் அதே கதைதான், அவள் குதிக்கவில்லை என்று. எழுத்தில் இருப்பது பெயரும் நாளும்தான். குதித்தது முழுக்கப் பிறகு வந்தவர்கள் சேர்த்தது. நானும் சேர்த்தேன், நானூறு அடியை.

முப்பது வருடம். வருடத்துக்கு நாற்பது பிள்ளை என்றாலும் ஆயிரத்து இருநூறு பேருக்கு முன்னால் அந்தப் பெண்ணைத் தள்ளி விட்டிருக்கிறேன். அவளோ எங்கேயோ வேறு வீட்டில் விளக்கேற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிள்ளை, தை பிறக்க நாலு நாள் இருக்க, விடிய இரண்டு மணிக்கு நீ எடுத்தாய். உன் பக்கம் பின்னேரம். அம்மா நித்திரை. நான் வாசல் படியில் வந்து இருந்து கதைத்தேன். "அப்பா, நான் அங்க வந்து கொஞ்சநாள் இருக்கட்டா?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "இப்ப என்ன அவசரம், லீவு எடுத்து ரெண்டு பேருமா வாங்கோ" என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி, "எல்லா வீட்டிலையும் இருக்கிறதுதான், கொஞ்சம் பொறுத்துப் போ, உன்ர அம்மா பொறுக்காத பொறுமையா?" என்றேன். அதற்கும் நீ ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டாய், "மான் எல்லாம் சுகமா அப்பா?" என்று.

நான் சந்தோஷமாக மானைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தேன். குட்டி போட்ட மான், ஓட்டோவில் அடிபட்ட மான், ஐயருடைய வேட்டியைக் கடித்த மான். நீயும் சிரித்தாய். அப்பாடா, பிள்ளை சிரித்துவிட்டாள் என்று நானும் போய்ப் படுத்துவிட்டேன். அதைத்தான் நினைத்து நினைத்து இப்போது விடிய இரண்டு மணிக்கு எழும்பி அதே படியில் போய் இருக்கிறேன். அம்மாவுக்கு மூத்திரம் போக எழும்பினேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் பொறுமையை உதாரணம் காட்டினேனே, அவளிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? இப்போது கேட்டேன். போன வெள்ளிக்கிழமை, கோயில் வீதியில் வைத்து. மலை விளிம்பு மரத்தில் தொட்டில் கட்டுகிற இடம். உனக்காக ஐந்து வருடம் ஒவ்வொரு வெள்ளியும் ஆமிச் சோதனையெல்லாம் தாண்டி வந்து, ஒரு சின்ன மரத்தொட்டிலைச் சீலைத்துண்டில் அவள் கட்டிய மரம். "நீ என்னோட பொறுத்துத்தான் இருந்தியா?" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, "நான் பொறுத்தது என்ர பிள்ளையும் பொறுக்கவேணும் எண்டில்லை" என்றாள். பிறகு, "தேங்காய் உடைக்க நேரமாகுது, வாங்கோ" என்று நடந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவளிடமிருந்து மறைப்பதாக ஒரு நினைப்பு.

அன்றைக்குப் பாறை நுனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த இடம். 1963 மார்ச்சில், புதுக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு அப்பம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில், சனக் கூட்டத்துக்குள்ளால் நுழைந்து இராவணன் வெட்டின் வாயில்வரை போய் எட்டிப் பார்த்து அடி வாங்கினேன். அந்த வயதிலும் பயப்படாத எனக்குக் கால் நடுங்கியது. வெட்டுக்குள் புறாக்கள் சுற்றுகின்றன. கடற்பருந்து ஒன்று எங்கள் கண்மட்டத்துக்குக் கீழே பறக்கிறது. வடிவான இடம். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்க, இரவு முழுதும் எடுக்காமல் அடித்துக்கொண்டிருக்கும் உன் போன்தான் காதில் கேட்டது. அதனால்தான் அணைக்காதே, அணைக்காதே என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன். உபதேசம் இல்லை.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எங்கே என்றும் கேட்கவில்லை. மாமியும் மற்றவையும் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று முப்பது வருடம் யோசித்தவன் நான், ஊருக்கு என்ன சொல்வது என்று இப்போது யோசிக்கிறேன். அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நான் பிறந்த 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டிய ஆட்கள் மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தரையும் பார்வதியையும் சந்திரசேகரரையும் எடுத்தார்கள். பறங்கி வருகிறான் என்று அறிந்து ஆரோ அவசரத்தில் தாட்டுவிட்டுப் போன விக்கிரகங்கள். முன்னூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்து, கழுவினால் அப்படியே இருந்தன என்று அப்பம்மா சொல்வா. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உன் அறையிலிருந்து நெல்மூட்டையை வெளியே எடுக்கும்போது நினைவு வந்தது.

நெல்மூட்டையை எடுத்துவிட்டேன். யன்னலுக்குக் கொளுக்கி போட்டாயிற்று, காற்றடித்துக் கண்ணாடி வெடிக்காது. பழைய மின்விசிறி கிரீச்சிடும் என்று நீ சொல்வாயே, அதைக் கழற்றிவிட்டுப் புதுசு பூட்டியிருக்கிறேன். எலெக்ட்ரீசியன் ஆர் வருகினம் என்று கேட்டான். காற்றுக்குத்தான் என்றேன்.

சம்பந்தர் இந்த மலைக்கு வரவேயில்லையாம். இராமேச்சரக் கரையில் நின்றுகொண்டே கோணமாமலையைப் பாடிவிட்டுப் போனாராம். நீயும் அப்படி அங்கிருந்தே ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குப் போதும். வந்தால் இன்னும் நல்லது. வரும்போது தனியாக வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, வா. கொழும்பு விமான நிலையத்துக்கு நான் வருகிறேன், இரவு பஸ்ஸில் வந்து விடிய நிற்பேன்.

சாப்பாட்டைப் பார்த்துக்கொள். மிளகாய்த்தூள் இம்முறை ஒரு கிலோ, இரண்டு உறையாகக் கட்டியிருக்கிறது. தலையணை உறையும் அதே இரண்டும்தான், அம்மா திரும்பத் துவைத்து மடித்திருக்கிறாள். கொண்டுவருகிற பொடியனிடம் உன் புது விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக்கொடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு
அன்பு அப்பா

பி.கு.: கலைமானை மறக்கவில்லை. ஆனிக் கடைசியில் அதன் இடப்பக்கக் கொம்பு தானாக உதிர்ந்து, நீலப் பையோடு ஆலமரத்து வேருக்குள் கிடந்தது. பையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். கொம்பை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அங்கேயே விட்டுவிட்டேன். மற்றக் கொம்பும் நாலு நாளில் விழுந்துவிட்டது. நேற்றுப் பார்த்தேன், தலையில் இரண்டு பக்கமும் விரல் அளவுக்கு, மயிர் போர்த்த மாதிரி ஏதோ எழும்பியிருக்கிறது. கிட்டப் போனேன், இந்த முறை ஓடவில்லை.